வாசகர் கேள்வி – பதில்: அரிய பறவைகளைத் தேடி வன்னிக்குள்

கேள்வி: நண்பர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மன்னார்ப் பக்கம் பறவை பார்க்கப் போக விரும்புகிறோம். எந்த மாதத்தில் போவது நல்லது? ஒரே நாளில் வங்காலை, தலைமன்னார், சுண்டிக்குளம் மூன்றையும் பார்த்து முடிக்கலாமா? (வவுனியாவிலிருந்து ஒரு மாணவர்)

பதில்: முடிக்கலாம், ஆனால் வீதியைத்தான் பார்த்திருப்பீர்கள். சுண்டிக்குளத்தை வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வடக்கேயிருந்து வலசை வரும் பறவைகள் ஏறத்தாழ ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை நம் பக்கம் தங்குகின்றன என்றாலும், அந்த மாதங்கள் எல்லாம் ஒரே தன்மை கொண்டவை அல்ல. மாரி மழையில் குளங்களும் களப்புகளும் நிரம்பியிருக்கும்போது ஊசிவால் வாத்து போன்ற நீந்தும் இனங்களுக்கு வசதி அதிகம். சேற்றைக் கிளறித் தின்னும் உள்ளான் இனங்களுக்கோ நீர் வற்றிச் சேறு வெளித்தெரிய வேண்டும். நம் கரையில் கடலின் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால், களப்பின் நீர்மட்டத்தைக் கடலைக் காட்டிலும் மழையும் காற்றுமே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஆகவே மழை ஓய்ந்து நீர் இறங்கத் தொடங்கும் ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் வரையான காலத்தையே நான் பரிந்துரைப்பேன். மழை பிந்திய ஆண்டில் நாட்காட்டியை நம்பாமல், அந்தக் களப்பில் தொழில் செய்யும் மீனவர் ஒருவரிடம் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

வங்காலை 2008இல் சரணாலயமாகவும் 2010இல் 4839 ஹெக்டேயர் பரப்புள்ள ராம்சர் ஈரநிலமாகவும் (உலக முக்கியத்துவம் உள்ளதென ராம்சர் உடன்படிக்கையின்கீழ் பட்டியலிடப்பட்ட ஈரநிலம்) அறிவிக்கப்பட்ட இடம். மன்னார் வீதியின் ஓரத்திலேயே வாகனத்தை நிறுத்திப் பூநாரைக் கூட்டத்தைப் பார்க்கக்கூடிய நாட்களும் உண்டு. இருட்டோடு புறப்பட்டு முதலில் வங்காலைக்கே போய்விடுங்கள். வெயில் ஏறியதும் வெட்டைவெளியில் கானல் அசையத் தொடங்கும். அதற்குப் பிறகு எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தொலைநோக்கியிலும் தூரத்துப் பறவையின் கால் நிறம் தெரியாது. வழியில் வரும் கட்டுக்கரைக் குளத்தை மாலையில் திரும்பும்போது பார்க்கலாம். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நிற்பதற்கு இடம் தேடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பற்றைகளில் தினமும் கத்தும் கவுதாரியைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு குழு வந்து, அரை நாள் காத்திருந்து, கண்டதும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இதில் என்ன அருமை இருக்கிறது? (மன்னார் மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியை)

பதில்: அவர்கள் உங்களை ஏமாற்றவில்லை, ஆசிரியை அவர்களே. கவுதாரி இந்தியாவில் பரவலாக வாழும் பறவை. இலங்கையிலோ புத்தளம் தொடங்கி யாழ்ப்பாணம் வரையான வறண்ட வடமேற்கு, வடக்குப் பகுதிகளுக்கு அப்பால் அதைக் காண்பது கடினம். இரட்டைவால் குருவி என்று நாம் அழைக்கும் கரிச்சானும், நீண்ட வால் கொண்ட கீச்சான் இனமும் அவ்வாறே. தென்னிலங்கையின் மழைக்காடுகளில் இத்தீவுக்கே உரிய பறவைகளைப் பார்த்து முடித்த ஒருவருக்குத் தன் பட்டியலில் நிரப்ப மிஞ்சியிருப்பவை உங்கள் வேலியோரத்தில் நிற்கின்றன. ஓர் இனம் தன் பரவல் எல்லையின் ஓரத்தில் எப்படி வாழ்கிறது என்று அறிய விரும்புகிறவருக்கும் இதுவே இடம்.

இன்னும் சுவையானது மரங்கொத்தியின் கதை. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் பனைமரத்தில் ஏறும் மரங்கொத்திக்கு முதுகு பொன்மஞ்சள். தெற்கே போனால் இலங்கைக்கே உரிய இனத்தின் முதுகு கடுஞ்சிவப்பு. இரண்டும் சந்திக்கும் இடைப்பட்ட நிலத்தில் கலந்து இனப்பெருக்கம் செய்வதால், செம்மஞ்சள் முதுகுப் பறவைகளும் தோன்றுகின்றன என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் மாணவர்களிடம் பள்ளிக்கூட வளவில் திரியும் மரங்கொத்தியின் முதுகு நிறத்தை எழுதிவரச் சொல்லுங்கள். கொழும்புக் குழு அடுத்த முறை வரும்போது அந்தக் கொப்பியைத்தான் முதலில் கேட்கும்.

கேள்வி: எங்கள் குழுவில் பெரிய கமராவோடு வரும் இருவர், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூட்டத்தை நோக்கி நடந்துபோய்ப் பறவைகளைக் கிளப்பிவிடுகிறார்கள். சொன்னால் கோபிக்கிறார்கள். (முல்லைத்தீவிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கோபித்தாலும் சொல்லத்தான் வேண்டும், ஆனால் களப்பில் வைத்துச் சொல்லாமல் புறப்படுவதற்கு முந்திய இரவே சொல்லுங்கள். குழுவுக்குத் தலைவர் ஒருவரை நியமித்து, அவர் நில் என்றால் எல்லோரும் நிற்பது என்று பேசிக்கொண்டால், பின்னர் தனிப்பட்ட மனக்கசப்புக்கு இடமிருக்காது.

காரணத்தையும் விளக்குங்கள். மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இடமறிகருவி பொருத்தி அனுப்பிய கடற்காகங்கள் ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதிவரை போய்த் திரும்பியிருக்கின்றன. உள்ளான்களுக்கும் அத்தகைய நெடும்பயணம் உண்டு. மார்ச், ஏப்ரல் மாதங்களில் அவை உடலில் கொழுப்பைச் சேர்ப்பது அதற்காகத்தான். அந்த நேரத்தில் ஒரு கூட்டத்தை நாலு முறை கிளப்பினால், தின்னும் நேரமும் போய், தின்றதும் பறப்பிலே கரைந்துபோகிறது. பறவை தின்பதை நிறுத்தித் தலையை உயர்த்திவிட்டால் நீங்கள் ஏற்கெனவே எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று கொள்ளுங்கள். அது பறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நடந்து வரும் மனிதரைக் காட்டிலும் நின்ற வாகனத்தைப் பறவைகள் அதிகம் பொறுத்துக்கொள்வதால், கமராக்காரருக்கு வானின் யன்னலோர இருக்கையைக் கொடுத்துவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

வறண்ட தரவைகளில் வாகனத்தை இறக்கவே கூடாது. உப்புக்கொத்தி என்ற சிறு கரைப்பறவை வெறும் தரையில், சிப்பிகளுக்கும் கற்களுக்கும் இடையில் முட்டையிடுகிறது. முட்டையின் புள்ளிகள் மண்ணோடு கலந்துவிடுவதால் மிதித்த பிறகுதான் தெரியும். இங்கே குடியிருந்து குஞ்சு பொரிக்கும் உப்புக்கொத்தியைத் தனி இனமாகக் கொள்ள வேண்டும் என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியதை அடுத்து, இராமர் அணையை நினைவூட்டும் வகையில் அதற்கு அனுமன் பெயர் வழங்கிவருகிறது. உலகப் பறவையாளர்கள் தேடிவரும் ஓர் இனத்தின் முட்டையை நம் சில்லே நசுக்கினால் அதைவிட வெட்கம் வேறில்லை. மன்னாருக்கு அப்பால் இராமர் அணை மணற்றிட்டுகளில் வளை தோண்டி, அதனுள் வெள்ளை முட்டை இடும் நண்டுதின்னிப் பறவையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், அந்தத் திட்டுகள் 2015 முதல் தேசியப் பூங்கா என்பதையும், வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றிப் போக முடியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அதே பறவையை மன்னார்த் தீவின் கரையில் நின்று காணும் வாய்ப்பும் உண்டு. எனக்கு அதுவே போதும்.

கேள்வி: அரிய பறவையைக் கண்டால் இடத்தை உடனே முகநூலில் போடலாமா? (கிளிநொச்சி)

பதில்: வலசை வந்து சேற்றில் மேயும் பறவையானால் இடத்தைச் சொல்வதால் பெரிய தீங்கில்லை, பறவை பார்ப்போர் தம் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையத்தளத்தில் நாளும் எண்ணிக்கையும் சேர்த்துப் பதிந்தால் பிறருக்கும் பயன். கூட்டையும் முட்டையையும் ஒருபோதும் வெளியிடாதீர்கள். படம் போடுவதானாலும் பறவை திரும்பிப் போன பின்பு போடுங்கள். இடம் யாருடைய வயலோ வாடியோ என்றால், அவரிடம் கேளாமல் ஊர்ப்பெயரைப் போடுவதும் முறையல்ல. மறுநாள் பத்து வான் வந்து வரம்பில் நின்றால் அதற்கு விடை சொல்ல வேண்டியவர் அவர்தான்.

கேள்வி: காட்டோரப் பறவைகளைத் தேடி ஒற்றையடிப் பாதையை விட்டு இறங்கலாமா? (புதுக்குடியிருப்பு)

பதில்: வேண்டாம். வன்னியில் கண்ணிவெடி அகற்றி முடியாத நிலங்கள் இன்னும் உள்ளன. சிவப்பு நிற மண்டையோட்டுப் பலகை இருந்தால் திரும்பிவிடுங்கள். பலகை இல்லை என்பதே பாதுகாப்பான இடம் என்பதற்குச் சான்றாகாது. ஊர்மக்கள் மாடு மேய்க்கும், விறகு எடுக்கும் தடத்தில் மட்டும் நடந்து, அந்தத் தடத்தை அறிந்த ஒருவரைக் கூடவே அழைத்துச் செல்லுங்கள். அவருடைய ஒரு நாள் கூலியையும் சாப்பாட்டையும் பயணச் செலவில் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.