டிகிரியோட பைலட் கோர்ஸ், ஒர்த்தா? நான் முடிச்சவன் சொல்றேன்

அமெரிக்காவுல டிகிரியோட சேத்து பைலட் ட்ரெயினிங் தர்ற காலேஜ்ல பையனச் சேக்கலாமா, இல்ல சாதா ஃப்ளையிங் ஸ்கூலே போதுமான்னு கேட்டிருக்கீங்க. நான் அப்படி ஒரு காலேஜ்ல முடிச்சவன், பேரு வேணாம், மிட்வெஸ்ட் பக்கம், சுத்தி சோளக்காடு, ஜனவரில மைனஸ் இருபது.

பையன் எந்த நாட்டுல ஓட்டப் போறான், அத மொதல்ல முடிவு பண்ணுங்க. 2009ல பஃபலோ பக்கத்துல கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் செத்தாங்க, அதுக்கப்புறம் ரூல் மாறி 2013லேர்ந்து அங்க ஏர்லைன்ல கோ-பைலட் சீட்ல உக்காரவே 1500 மணி நேரம் வேணும்னு ஆயிடுச்சு. அப்ரூவல் இருக்கற காலேஜ்ல ட்ரெயினிங்கும் எடுத்து ஏவியேஷன் டிகிரியும் முடிச்சா 1000 போதும். அந்த 500 மணி நேரத்துக்காகத்தான் என் கிளாஸ்ல பாதிப் பேரு லோன் போட்டு வந்தாங்க. ஆனா இந்தியா திரும்புறவனுக்கு அதுல என்ன இருக்கு? நம்ம நாட்டு விமானத்துறைய கண்காணிக்கற டிஜிசிஏ, கமர்ஷியல் லைசென்ஸுக்குக் கேக்கறது 200 மணி நேரம், டிகிரியே வேணாம், பிளஸ் டூல பிசிக்ஸ் மேத்ஸ் இருந்தா சரி. இது எனக்கும் தெரியல, லோன் பேப்பர்ல கையெழுத்து போட்ட அப்பாவுக்கும் தெரியல.

அடுத்தது காத்துக்கெடக்கறது. ஒவ்வொரு கட்டம் முடிஞ்சதும் ஸ்டேஜ் செக்னு வேற ஒரு இன்ஸ்ட்ரக்டர் வந்து டெஸ்ட் பண்ணுவாரு. கமர்ஷியல்ல பவர்-ஆஃப் 180னு ஒண்ணு, ரன்வேக்குப் பக்கவாட்டுல போறப்பவே இன்ஜின் பவர முழுசா கொறச்சிட்டு, அப்படியே திரும்பி வந்து முன்னாடியே சொன்ன கோட்டுல எறக்கணும், கோட்டுக்கு முன்னாடி ஒரு அடி கூட தொடக்கூடாது, தாண்டினா 200 அடிக்குள்ள. நான் கோட்டுக்கு முன்னாடியே தொட்டுட்டேன். ஃபெயில். மறுபடி ஸ்லாட் கெடைக்க அஞ்சு வாரம், ஒரு நாள் பனி, ஒரு நாள் காத்து, ஒரு நாள் ஃப்ளைட்டு மெயின்டனன்ஸ்ல, நடுவுல கை மறக்கக்கூடாதுன்னு ஓட்டினதுக்கெல்லாம் தனி பில், ரூம் வாடகை வேற. சும்மா இருந்ததுக்குக் கட்டின காசுதான் எனக்கு இன்னும் வயித்தெரிச்சல்.

நல்லதே இல்லையான்னா, இருக்கு. ஒரு காலைல இன்ஜின ஹீட்டர் போட்டு சூடு பண்ணி, டேங்க்லேர்ந்து பெட்ரோல் சாம்பிள் எடுக்கறப்ப கிளவுஸ் நனைஞ்சு வெரல் மரத்துப்போய் நிக்கறேன், ட்ரெயினிங்குக்கு ஓட்டற சின்ன ஃப்ளைட்டு செஸ்னா 172 ரெடி, இன்ஸ்ட்ரக்டர் ஒண்ணுமே சொல்லாம என்னையே பாத்துட்டு நின்னாரு. மேகம் கீழ கெடக்கு, ஃப்ரீசிங் லெவல், அதாவது பூஜ்யம் டிகிரி ஆகற உயரம், தரையிலயே, உள்ள போனா றெக்கைல ஐஸ் புடிக்கும். “வேணாம் சார், இன்னிக்கி போகல”ன்னேன். சரி வா காபி குடிக்கலாம்னு நடக்க ஆரம்பிச்சிட்டாரு. கிளம்பற வரைக்கும் ரெடி பண்ணிட்டு வேணாம்னு சொல்றது எவ்ளோ கஷ்டம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, அப்புறம் நானே சொல்லிக்குடுக்கற வேலைல இருந்த ஒரு வருஷமும் பசங்ககிட்ட அதையேதான் பாத்தேன்.

அந்த ஒரு வருஷந்தான் படிப்பு விசால வேலை பாக்கக் குடுக்கற டைம், அதுக்குள்ள 1000 மணி தேத்தினாலும் கிரீன் கார்டு இல்லாம ஏர்லைன்ல எடுக்கறது ரொம்ப அபூர்வம். நான் திரும்பி வந்து டிஜிசிஏ பரீட்சை எழுதி லைசென்ஸ மாத்திக்கிட்டேன்.

சேக்கறதா இருந்தா ஒண்ணு பண்ணுங்க, அட்மிஷன் ஆபீஸ்ல கேக்காம அங்க மூணாவது வருஷம் படிக்கிற பையன் யாரையாவது புடிச்சு, ஸ்டேஜ் செக்குக்கு எத்தன வாரம் காத்திருந்தேன்னு கேளுங்க.