“செலக்ட் ஆகிவிட்டாள், 45,000 ரூபாய் கட்டுங்கள்” என்கிறார்கள்!

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. போன மாதம் கோவையில் ஒரு மாலுக்குப் போயிருந்தோம். அங்கே ஸ்டால் போட்டிருந்த மாடல் ஏஜென்சிக்காரர்கள் அவளைப் போட்டோ எடுத்து, என் நம்பரையும் வாங்கிக்கொண்டார்கள். பிறகு ஒரு ஹோட்டல் ஹாலில் ஆடிஷன். மறுநாளே போன் செய்து, “நல்ல கேமரா ஃபேஸ், செலக்ட் ஆகிவிட்டாள்” என்றார்கள். போர்ட்ஃபோலியோ என்கிற போட்டோ ஆல்பம், ரெஜிஸ்ட்ரேஷன், ஆர்ட்டிஸ்ட் கார்டு எல்லாம் சேர்த்து 45,000 ரூபாயாம். இடம் போய்விடும் என்று அவசரப்படுத்தியதால் 5,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிட்டேன். மீதியை ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்ட வேண்டும். இரண்டே விளம்பரத்தில் போட்ட பணம் வந்துவிடும் என்கிறார்கள். நகையை வைத்தாவது கட்டிவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால், பிள்ளைக்கு வந்த வாய்ப்பை நானே கெடுத்துவிட்டதாக ஆகிவிடக் கூடாதே?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்.

பதில்: அன்புச் சகோதரி, நகையை வைக்க வேண்டாம். மீதி 40,000 ரூபாயையும் கட்ட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தாண்டினால் போய்விடக்கூடிய வாய்ப்பு எதுவும் அங்கே இல்லை. அந்தக் கெடு, நீங்கள் நாலு பேரிடம் விசாரிப்பதற்குள் பணத்தை வாங்கிவிடுவதற்காக வைத்தது.

இந்தத் தொழிலில் பணம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்துக்குக் குழந்தை வேண்டுமென்றால், விளம்பரம் எடுக்கும் கம்பெனி, நடிக்க ஆள் ஏற்பாடு செய்து தரும் கோ-ஆர்டினேட்டரிடம் சொல்லும். அவர் தன்னிடம் உள்ள படங்களை அனுப்புவார். அதில் ஒரு பிள்ளை தேர்வானால், கம்பெனி கொடுக்கும் சம்பளத்தில் கோ-ஆர்டினேட்டர் தன் கமிஷனை எடுத்துக்கொள்வார். நடிப்பவர்களைத் தேர்வு செய்யும் காஸ்டிங் டைரக்டருக்கும் தயாரிப்புத் தரப்புதான் சம்பளம் தருகிறது. கோடம்பாக்கத்தில் அட்வான்ஸ் என்றாலே, தயாரிப்பாளர் நடிப்பவருக்குக் கொடுப்பதுதான். நடிக்க வருபவர் ஏஜென்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறார் என்றால் கணக்கு தலைகீழாகிவிட்டது.

அப்படித் தலைகீழான ஏஜென்சிக்கு உங்கள் மகள் விளம்பரத்தில் வர வேண்டிய அவசியமே இல்லை. அவளுக்கு வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவர்கள் வருமானம் உங்கள் 45,000-லேயே முடிந்துவிடுகிறது. அடுத்த வாரம் வேறொரு மாலில் ஸ்டால் போடுவார்கள். அந்த ஹோட்டல் ஹாலில் செலக்ட் ஆகாமல் திரும்பிய பிள்ளை ஒன்றாவது இருந்ததா என்று, அன்று உடன் வந்திருந்த அம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள்.

“அவர்கள் ஃபிராடு மாதிரி தெரியவில்லையே, ரசீதுகூடக் கொடுத்திருக்கிறார்களே” என்று உங்கள் கணவர் சொல்லக்கூடும். அந்த ரசீதை எடுத்து ஒரு வரி விடாமல் படியுங்கள். இந்த மாதிரி ரசீதுகளில் பொதுவாகப் ‘போட்டோகிராபி சேவை, பணம் திருப்பித் தரப்பட மாட்டாது’ என்றுதான் இருக்கும். விளம்பரம், டிவி, ஒரு நாளைக்கு இத்தனை ஆயிரம் என்பதெல்லாம் போனில் வாயால் சொன்னதோடு சரி. சிலர் நிஜமாகவே பளபளவென்று ஒரு ஆல்பத்தையும் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் நீங்கள் புகார் செய்தால், “போட்டோ எடுத்துத் தருவதாகச் சொன்னோம், தந்துவிட்டோம்” என்று கையை விரித்துவிடலாம். அதனால் இப்போதே அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்புங்கள்: “இத்தனை மாதத்துக்குள் விளம்பர வாய்ப்பு வராவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவீர்களா? எழுத்தில் கொடுங்கள்.” பதில் எழுத்தில் வராது, போன்தான் வரும்.

இன்னொரு சோதனையும் உண்டு. நம் நாட்டில் குழந்தையை நினைத்தபடி நடிக்க வைத்துவிட முடியாது. 2017-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் குழந்தையை வேலை வாங்கக் கூடாது, தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வைத்திருக்கக் கூடாது. குழந்தைக்கு வரும் சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அவள் பெயரிலேயே வைப்புத் தொகையாகப் போட வேண்டும். “கலெக்டர் அனுமதி யார் வாங்குவார்கள், அந்த 20 சதவீதத்தை எந்த வங்கியில் போடுவீர்கள்?” என்று ஏஜென்சியைக் கேளுங்கள். தொழில் தெரிந்தவர் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரைச் சொல்லிப் பேசுவார். மற்றவர்கள் “அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் மேடம்” என்பார்கள்.

ஹாலிவுட் இருக்கும் கலிபோர்னியாவிலேயே இந்தத் தொல்லை தாங்காமல், வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் வசூலிப்பதை 2010 முதல் சட்டப்படி குற்றமாக்கியிருக்கிறார்கள். நம் ஊரில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆனால், பொதுவான மோசடிச் சட்டமும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் கைகொடுக்கும்.

உங்கள் 5,000 ரூபாய்க்கு வருகிறேன். அது வீணாகிவிடுமே என்பதற்காக மேலும் 40,000 கட்டுவதுதான் அவர்கள் எதிர்பார்ப்பது. முதலில் சேவை வேண்டாம், பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் எழுதுங்கள். ஜிபே விவரம், ரசீது, அவர்கள் அனுப்பிய மெசேஜ் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லையா, திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போட முடியும், கோவைக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. ஏஜென்சி போனை அணைத்துவிட்டுக் காணாமல் போய்விட்டால் மட்டும் தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிடுங்கள். அது சைபர் மோசடிக்கான எண்.

உங்கள் கணவர்மேல் கோபப்படாதீர்கள். தன் பிள்ளையை ‘கேமரா ஃபேஸ்’ என்று யாராவது சொன்னால் எந்த அப்பாவுக்கும் தலை கொஞ்சம் சுற்றத்தான் செய்யும். பெரிய ஏஜென்சி, பெரிய தொடர்பு என்று அவர் வாதாடினால், 2023-இல் சல்மான் கான் நிறுவனமே “நாங்கள் எந்தப் படத்துக்கும் ஆள் எடுக்கவில்லை, எங்கள் பெயரைச் சொல்லி வருபவர்களை நம்பாதீர்கள்” என்று பொது அறிவிப்பு கொடுக்க நேர்ந்ததைச் சொல்லுங்கள். பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

மகளுக்கு நிஜமாகவே ஆசை இருந்தால் செலவில்லாமல் முயற்சி செய்யலாம். ஆறு வயதுப் பிள்ளையின் முகம் ஆறு மாதத்தில் மாறிவிடும், முன்பல் வேறு விழுகிற வயது. 45,000 ரூபாய் ஆல்பம் அடுத்த வருடம் அவளைப் போலவே இருக்காது. காலை வெயிலில், வெறும் சுவரின் முன்னால், மேக்கப் இல்லாமல் போனிலேயே நேராகவும் பக்கவாட்டிலும் சில படங்கள் எடுங்கள். பெயர், வயது, ஊர் சொல்லி, அவள் இயல்பாகப் பேசுகிற ஒரு நிமிட வீடியோ போதும். ஆடிஷன் அறிவிப்பு வந்தால், அந்தத் தயாரிப்பு நிறுவனத்தின் அதிகாரபூர்வப் பக்கத்திலும் அதே அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். எங்கே போனாலும் நீங்களோ கணவரோ கூடவே இருங்கள். பெற்றோரை வெளியே உட்காரச் சொல்லும் இடத்தில் இருந்து உடனே கிளம்பிவிடுங்கள்.

ஒன்று மறந்துவிடாதீர்கள். மாலில் எடுத்த போட்டோவும் ஆடிஷன் வீடியோவும் இன்னும் அவர்களிடம்தான் இருக்கின்றன. பணம் கேட்டு எழுதும் அதே மெசேஜில், அவற்றை எங்கும் பயன்படுத்தக் கூடாது, உடனே அழித்துவிட்டு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் சேர்த்து எழுதுங்கள்.