அமெரிக்க மூதாதையரைத் தேடி: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் மருமகள் அமெரிக்கப் பெண். அவளுடைய பாட்டனாரின் பாட்டனார் 1828 வாக்கில் ஒஹாயோவில் பிறந்தவர் என்பது மட்டும்தான் தெரியும். அவருடைய பெற்றோரைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியலாம். ஆனால் பிறப்பிலிருந்து தொடங்காதீர்கள். அவர் எந்த ஊரில், எந்தக் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) இறந்தார் என்பதை உறுதிசெய்துகொண்டு அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். ஒரே பெயரில் ஒரே கவுண்டியில் மூன்று பேர் இருப்பது சர்வசாதாரணம். முன்னோக்கிப் போனால் வேறொருவர் குடும்பத்துக்குள் நுழைந்துவிடுவீர்கள்.

பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த சென்சஸ்தான் முதுகெலும்பு. 1900 சென்சஸில் பிறந்த மாதமும் ஆண்டும், மணமாகி எத்தனை ஆண்டு, தாய் பெற்ற பிள்ளைகளில் எத்தனை பேர் உயிரோடிருக்கிறார்கள் என்பதுகூட இருக்கும். 1880-ல் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, தாய் தந்தை எங்கே பிறந்தார்கள் என்று இருக்கும். 1850, 1860, 1870-ல் உறவுமுறை எழுதப்படவில்லை. பலரும் சறுக்குவது இங்கேதான். ஒரே வீட்டில் நாற்பது வயது ஆணும் முப்பத்தைந்து வயதுப் பெண்ணும் இருந்தால் உடனே தம்பதி ஆக்கிவிடுகிறார்கள். அண்ணன் தங்கையாக இருக்கலாம். மனைவியே என்றாலும், அவள் இரண்டாம் தாரமாக இருந்து, பிள்ளைகள் மூத்தாளுடையவர்களாக இருக்கலாம். வயதையும் கவனித்துப் படியுங்கள்: கணக்கு ஜூன் 1 நிலவரப்படி. 1860-ல் 32 என்றால், 1827 ஜூன் 2 முதல் 1828 ஜூன் 1 வரைக்குள் பிறந்தவர். அதுவும் சொன்னவர் சரியாகச் சொல்லியிருந்தால்!

1850-க்கு முன்னால் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே உண்டு. மற்றவர்கள் வயதுக் கட்டத்தில் ஓர் எண். உங்கள் ஆள் 1830-ல் 'ஐந்துக்குட்பட்ட ஆண்', 1840-ல் 'பத்து முதல் பதினைந்துக்குள்'. இந்தக் கட்டங்கள் எதையும் நிரூபிக்காது. பொருந்தாத வீடுகளைக் கழித்துக்கட்டத்தான் உதவும்.

கழித்த பிறகு, தந்தையாக இருக்கக்கூடியவர்கள் என்று மிஞ்சும் இரண்டு மூன்று பேரின் சொத்து வாரிசு வழக்குகளைக் கோர்ட்டில் தேடுங்கள். உயில் இல்லாமல் இறந்தவர் கோப்புதான் பெரும்பாலும் நல்லது: பங்கு பிரிக்க எல்லா வாரிசுகளையும் பெயர் சொல்லியாக வேண்டும், மணமான மகள்கள் கணவர் பெயரோடு வருவார்கள். உயிலிலோ ஏற்கெனவே நிலம் வாங்கிக்கொண்ட மகன் விடுபட்டிருக்கலாம். இன்னொன்று, கவுண்டிகள் அடிக்கடி உடைந்தன. குடும்பம் இடம் பெயராமலே கவுண்டி மாறியிருக்கும். பழைய ஏடுகள் பொதுவாகத் தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிடும்.

கேள்வி: 1890 சென்சஸில் ஒருவர்கூடக் கிடைக்கவில்லையே?

பதில்: யாருக்குமே கிடைப்பது அரிது. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் வணிகத்துறைக் கட்டடத்தில் பிடித்த தீயிலும், அணைக்க அடித்த தண்ணீரிலும் ஏடுகள் பாழாயின. இன்று இருப்பது சில ஆயிரம் பெயர்கள்தான். கான்சாஸ் 1885, 1895-ல் சொந்தமாகக் கணக்கெடுத்தது. அப்படி மாநில சென்சஸ் இருக்கிறதா என்று பாருங்கள். நகரவாசி என்றால் ஆண்டுதோறும் வந்த நகர டைரக்டரி (ஊரில் வசிப்பவர்களின் பெயர், முகவரிப் புத்தகம்) உதவும்.

நீங்கள் தேடும் மூதாதையர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) வடக்குப் படையில் இருந்திருந்தால், தேசிய ஆவணக்காப்பகத்தின் பென்ஷன் கோப்பைக் கேளுங்கள். விதவை பென்ஷன் கோரினால் திருமணத்தையும் பிள்ளைகளின் பிறந்த நாளையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. அதனால் குடும்ப பைபிளிலிருந்து கிழித்த பக்கம்கூட உள்ளே இருக்கலாம். தேர்ந்தெடுத்த சில தாள்கள் வேண்டாம், முழுக் கோப்பும் கேளுங்கள். தெற்குப் படை வீரருக்குப் பென்ஷன் தந்தவை மாநிலங்கள். அவர் எங்கே போரிட்டார் என்பதல்ல, விண்ணப்பித்தபோது எங்கே வசித்தார் என்பதே கணக்கு.

கேள்வி: 1880-ல் வந்த எங்கள் உறவினரின் பெயரை, நியூயார்க் துறைமுகத்துக் குடியேற்ற நிலையமான எல்லிஸ் தீவில் ஓர் அதிகாரி மாற்றினாராம். பழைய பெயரை எங்கே தேடுவது?

பதில்: எல்லிஸ் தீவு திறந்ததே 1892 ஜனவரி 1. அங்கும் அதிகாரிகள் பெயர் சூட்டவில்லை; கப்பல் புறப்படுமுன் எழுதிய பட்டியலைச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். அவர் நியூயார்க்கில் இறங்கியிருந்தால் எல்லிஸ் தீவுக்கு முன் அங்கே குடியேற்ற நிலையமாக இருந்த காசில் கார்டன் காலத்துக் கப்பல் பட்டியலில் தேடுங்கள், பெயரைச் சொந்த ஊரில் உச்சரித்தபடியே.