விடுப்பு இருந்தும் ஓய்வில்லையே: வாசகர் கேள்வி-பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இம்மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, வியப்பாக, வேலை நாள்களைப் பற்றியவை அல்ல. வேலையில்லாத நாள்களைப் பற்றியவை.

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக (அலுவலக எழுத்தராக) இருக்கிறேன். விடுப்பு எடுத்தாலும் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. பார்க்காமல் வைத்தாலும் மனம் அலுவலகத்திலேயே நிற்கிறது.

பதில்: என் தந்தையார் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் மரத்துக்குப் போய், நண்பகலில் ஸ்டோரில் பாலை நிறுத்துக் கொடுத்து, வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாரென்றால், மறுநாள் பெரட்டு (காலை ஆள்கணக்கெடுப்பு) வரைக்கும் வேலை அவரைத் தேடி லயத்து வீட்டுக்கு வந்ததில்லை. உடல் உழைப்பு உங்களுடையதைவிடப் பன்மடங்கு கடுமை. ஆனால் அதற்கு ஓர் எல்லை இருந்தது. அந்த எல்லையைக் கைப்பேசி அழித்துவிட்டது.

சபீனா சொன்னென்டாக், சார்லட் பிரிட்ஸ் ஆகிய உளவியலாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, வேலைக் களைப்பிலிருந்து மீள உதவும் நான்கு அனுபவங்களைக் குறிப்பிடுகிறது: மனம் வேலையை விட்டு விலகுதல், இறுக்கம் தளர்ந்திருத்தல், வேலைக்குத் தொடர்பில்லாத ஒன்றைக் கற்றுத் தேறுதல், பொழுதை எப்படிக் கழிப்பதென்று தானே தீர்மானித்தல். உங்களிடம் குறைவது முதலாவது. "நினைக்காதே" என்று மனத்தை அதட்டிப் பயனில்லை. அரைகுறையாக நிற்கும் வேலை எப்போது, யாரால் முடியும் என்று திட்டமாகிவிட்டால்தான் அது பிடியைத் தளர்த்தும். மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2011-இல் செய்த சோதனைகள் இதையே காட்டின.

ஆகவே, விடுப்புக்கு முந்தைய மாலை, கணினியை அணைக்குமுன் ஒரு தாளை எடுங்கள். செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) பதியாமல் நிற்கும் ஆள்வரவு, கையெழுத்துக்குப் போன உரப் படிவம், மருத்துவ விடுப்புச் சான்று கொண்டுவராத இருவர் என்று நிலுவையிலுள்ள அனைத்தையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தேதியையும் பொறுப்பேற்பவரின் பெயரையும் குறித்து, ஒரு படியை உடன் பணியாளரிடம் கொடுத்துவிடுங்கள். பிறகு குழுவின் ஒலியை அடக்கி, அவசரமென்றால் அழைக்கலாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள். எத்தனை அழைப்புகள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். லாரியிலிருந்து இறங்கிய உர மூட்டையைப் படம் பிடித்துப் போடுகிறவர் அதற்காக உங்களை அழைக்கமாட்டார்.

கேள்வி: ஏழு ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தில் வேலை. விடுப்பைச் சேர்த்து வைத்து, ஆண்டு இறுதியில் மொத்தமாக எடுக்கிறேன். திரும்பிய ஒரு வாரத்தில் பழைய களைப்பு வந்துவிடுகிறதே?

பதில்: அது உங்கள் குறையன்று. நீண்ட விடுமுறை தரும் தெம்பு, வேலைக்குத் திரும்பிய சில நாள்களிலேயே தேயத் தொடங்குவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கு 8 நாள், ஐந்து ஆண்டுக்குள் 12 நாள், அதற்கு மேல் 16 நாள் என்பது குறைந்தபட்ச ஆண்டு விடுப்பு. வார ஓய்வு நாளும் பொது விடுமுறைகளும் இதில் சேரா. உங்களுடைய 16 நாளில் ஆறேழு நாளைத் தீபாவளிக்கோ குடும்பப் பயணத்துக்கோ ஒதுக்கிவிட்டு, எஞ்சியதை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, வார ஓய்வு நாளை ஒட்டி ஓரிரு நாளாக எடுத்துப் பாருங்கள். ஒன்றைப் பலர் அறிவதில்லை: ஆண்டு விடுப்பில் இருக்கும்போது நோயுற்று, முறையாக மருத்துவ விடுப்புப் பெற்றால், அந்நாள்கள் ஆண்டு விடுப்பில் கழிக்கப்படக்கூடாது.

கேள்வி: வார நாள்களில் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஈப்போ தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறேன். ஞாயிறன்று மதியம் ஒரு மணி வரை தூங்கியும் திங்கள் காலை தலை கனக்கிறது.

பதில்: வார நாளில் ஐந்து மணிக்கு எழும் உடலை ஞாயிறன்று ஒரு மணிக்கு எழுப்பினால், இரவில் அதற்கு உறக்கம் எப்படி வரும்? காலை ஆறரை, ஏழுக்கு எழுந்து வெளிச்சத்தில் சற்று நடந்துவிட்டு, மதிய உணவுக்குப் பின் அரைமணி நேரம் கண்ணயருங்கள். சனிக்கிழமை இரவு பியர் குடித்தால்தான் தூக்கம் வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மது விரைவாக உறங்க வைக்கும். ஆனால் இரவின் பின்பாதி உறக்கத்தைத் துண்டாக்கிவிடும்.

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். ஓய்வு நாளில் அவருக்கு ஓய்வு. எனக்குத் துணி, சமையல், பிள்ளைகளின் பள்ளிப்பாடம்.

பதில்: இதற்கு மூச்சுப் பயிற்சியை மருந்தாகச் சொல்ல எனக்கு மனமில்லை. முதல் பதிலில் சொன்ன நான்கு அனுபவங்களில் கடைசியானது, பொழுது தன் கையில் இருத்தல். அது உங்களிடம் இல்லை. ஞாயிறு மாலை மூன்று மணி நேரம் உங்களுடையது என்று கணவரோடு பேசி முடிவு செய்யுங்கள். அந்நேரத்தில் பிள்ளைகளும் அடுப்பும் அவர் பொறுப்பு. எந்த டப்பாவில் மல்லித்தூள் இருக்கிறது என்று கேட்கவும் அவர் உங்களை அழைக்கக்கூடாது. நீங்கள் கோயிலுக்குப் போகலாம், தோழியைப் பார்க்கலாம், சும்மாவும் இருக்கலாம். இந்தப் பதிலை அவரிடமே படிக்கக் கொடுங்கள்.

கேள்வி: இரண்டு வாரம் விடுப்பில் இருந்தும் உறக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை. இன்னும் விடுப்புக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், ஆனால் அதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். ஓய்வெடுத்தும் இரண்டு வாரமாக இந்நிலை நீடித்தால், அது வெறும் வேலைக் களைப்பாக இல்லாமல் மனச்சோர்வு நோயாகவும் இருக்கக்கூடும். அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் தயங்காமல் சொல்லலாம். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திராமல், உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். சுகாதார அமைச்சின் 15555 உதவி எண்ணிலும் பேசலாம்.