ஞாயிற்றுக்கிழமைச் சேவை – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீலகிரியில் கூடலூர் பக்கம் சின்ன அறக்கட்டளை ஒன்றை நடத்துகிறோம். காட்டில் பரவிவிட்ட உன்னிச்செடியை (லாண்டானா) அகற்றி நாட்டு மரக் கன்றுகள் நடுவதுதான் வேலை. மாதச் சம்பளத்துக்கு நான்கு பேர், எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். ஞாயிறுதோறும் கோவை, பெங்களூருவிலிருந்து பதினைந்து இருபது தன்னார்வலர்கள் வருகிறார்கள். போன மாதம் நாற்றங்காலைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, 'இனி ஞாயிறு வரமாட்டேன்' என்றார். காசு வாங்காமல் அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்களே, சம்பளம் வாங்குகிற நாம் ஒரு நாள் சேவையாகச் செய்யக்கூடாதா என்று கேட்டேன். அவர் பதிலே சொல்லவில்லை. நான் கேட்டது தப்பா?

க.

அன்புள்ள க.,

தப்புதான். வருகிறவர்களுக்கு அது விடுமுறை நாள். அக்காவுக்கு ஏழாவது வேலைநாள்.

தன்னார்வலர் பக்கம் நானும் நின்றிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் கொடைக்கானலில் சீகைக் கன்று பிடுங்கப் போனோம். சீயக்காய் இல்லை, 'வாட்டில்' என்கிற அயல்நாட்டு மரம். சீகை விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெளிச்சம் விழுந்ததும் பாய் விரித்த மாதிரி முளைத்து நிற்கும். நான் பிடி பிடியாகப் பிடுங்கி எறிந்தேன், ஒரே உற்சாகம். கூடவே எத்தனை சோலைக்காட்டு மரக் கன்றுகள் போயின என்று சாயங்காலம்தான் தெரிந்தது. அங்கே கூலிக்கு இருந்த ஒரு அம்மா குவியலைக் கிளறி அவற்றைப் பொறுக்கி ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லும் இடத்தில் அவரை யாரும் வைக்கவில்லை.

உங்கள் உன்னியும் அப்படித்தான். தண்டை வெட்டிப் போட்டால் வெட்டிய இடத்திலிருந்து மறுபடி துளிர்க்கும். மண்ணுக்குக் கீழே மூன்று நான்கு சென்டிமீட்டர் தோண்டி ஆணிவேரை அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். புதிதாக வருகிறவர் வெட்டுக்கத்தியால் சரசரவென்று வெட்டி, ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். திங்கட்கிழமை அதே புதருக்குத் திரும்பப் போவது யார்?

ஆகவே முதலில் ஞாயிறு வேலைக்குக் கூலி கொடுங்கள், வாரத்தில் இன்னொரு நாள் விடுப்பும் கொடுங்கள். முடியாதென்றால் மாதத்துக்கு ஒரு ஞாயிறு போதும். எத்தனை பேரைத் தன்னால் மேய்க்க முடியும் என்று அக்காவே சொல்லட்டும். எட்டு என்றால் எட்டு. அப்புறம், காலையில் டீ கொடுக்கும்போதே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள்: இங்கே இன்றைக்கு இவர் சொல்வதுதான் வேலை. ஐடி மேலாளர் ஒருவர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020இல் நிர்வாகச் செலவின் வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தார்கள். அதிலிருந்து சம்பளம் என்றாலே குற்றம் மாதிரி ஒரு பயம், உள்ளூர்ப் பணத்தில் ஓடும் சங்கங்களுக்கும் தொற்றிவிட்டது. வெளிநாட்டுப் பணம் வாங்காதவர்களை அந்த வரம்பு தொடாது. நன்கொடை கேட்கும்போது 'நான்கு பேர் சம்பளம்' என்று முதல் வரியிலேயே எழுதிக் கேளுங்கள். கன்றுக்குக் கொடுப்பவர்கள் தண்ணீர் ஊற்றுபவருக்கும் கொடுப்பார்கள், கேட்டால்.

தன்னார்வலர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்கு எழுதத் தெரிந்தவர், நிதி விண்ணப்பம் எழுதுபவர், வரைபடம் போடுபவர் அந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள். வீட்டிலிருந்து மாதம் நான்கு மணி நேரம் கேட்டுப் பாருங்கள். பாதிப்பேர் நழுவிவிடுவார்கள், சரி.

ஒன்று மட்டும் உங்கள் கடிதத்தில் இல்லை. பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 மணிக்கு மூடிவிடுவார்கள் என்று பெங்களூரு வண்டிகள் மத்தியானமே கிளம்பிவிடுமே. அதற்குப் பிறகு மண்வெட்டிகளைக் கழுவி அடுக்கிவிட்டு அக்கா எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேர்கிறார்?