பருவம் அறிந்து பறித்த பச்சிலை: கேள்வி பதில்

கடலூர் முதுநகரில் முப்பது ஆண்டுகளாக மூலிகை பறித்து, காயவைத்து, சித்த மருத்துவர்களுக்குக் கொடுத்து வருகிறேன். இம்மாதம் வந்த கேள்விகளில் சில இவை.

அம்மா, மூலிகை கற்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது? (வில்லியனூர்)

தம்பி, ஒரே ஒரு செடியை ஓராண்டு முழுக்கப் பாருங்கள். கீழாநெல்லியே போதும். ஐப்பசி மழை விட்டதும் வரப்போரம் முளைத்து நிற்கும். இலைக்கொத்தைத் திருப்பினால் அடியில் கடுகளவு பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும். கோடை முற்றியதும் அதே வரப்பில் தேடினாலும் கிடைக்காது. எப்போது வருகிறது, எப்போது பூக்கிறது, எப்போது மறைகிறது என்று குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு இரண்டாவது செடிக்குப் போகலாம்.

கடையில் வாங்கிய நிலவேம்புப் பொடி கசக்கவே இல்லையே? (பண்ருட்டி)

பறித்த பருவம் தப்பியிருக்கும், தங்கையே. நிலவேம்பின் கசப்பு பெரும்பாலும் இலையில்தான் இருக்கிறது. பூக்கத் தொடங்கும்போது அறுக்க வேண்டும். காய் முற்றினால் இலை கொட்டிவிடும், மிஞ்சுவது தண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் காய் வெடித்த பிறகு ஒரு கட்டு அறுத்துக்கொண்டு போனேன். வயதான வைத்தியர் ஒரு குச்சியை வாயிலிட்டு மென்றார். ஒன்றும் சொல்லாமல் கட்டை என் பக்கமே தள்ளி வைத்தார். அன்று பட்ட வெட்கம் இன்றும் ஆறவில்லை.

நிழலில் உலர்த்துங்கள். நிலவேம்புக் குடிநீர் என்பது நிலவேம்பு மட்டும் அன்று. வெட்டிவேர், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் உள்ளிட்ட 9 சரக்குகள் சேர்ந்தது. கருவுற்றவர்கள் குடிக்கக் கூடாது.

சித்த மருத்துவத்தில் பருவத்துக்கும் நோய்க்கும் என்ன தொடர்பு? (சிதம்பரம்)

ஆறு பெரும்பொழுதுகளை வைத்துச் சொல்வார்கள். வாதம் முதுவேனிலில் வளர்ந்து காரில் மிகும். பித்தம் காரில் வளர்ந்து கூதிரில் மிகும். கபம் பின்பனியில் வளர்ந்து இளவேனிலில் மிகும். ஏட்டில் கார் என்றால் ஆவணி, புரட்டாசி. நம் கரையில் பெருமழை கொட்டுவதோ ஐப்பசி, கார்த்திகையில். ஆகவே மாதக் கணக்கோடு வானத்தையும் பாருங்கள்.

வெட்டிவேர் எங்கே நல்லதாகக் கிடைக்கும்? (புதுச்சேரி)

பக்கத்திலேயே, நொச்சிக்காட்டில். கடற்கரை மணலில் வேர் அறுபடாமல் நீளமாக வரும். கழுவிக் காயவைத்து, சித்திரை வெயிலில் பானைத் தண்ணீரில் ஒரு பிடி போடுங்கள்.

அப்பா சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சிறுகுறிஞ்சானும் கொடுக்கலாமா? (நெல்லிக்குப்பம்)

நீங்களாகக் கொடுக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடலாம். மாத்திரை எழுதித் தந்த மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். செடியில் வந்ததால் தீங்கு செய்யாது என்று நம்பி மோசம் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பிச்சாவரத்தில் வளரும் தில்லை மரமும் செடியினம்தான். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

மார்கழியில் பிள்ளைகளுக்கு ஓயாத சளி. என்ன செய்யலாம்? (வடலூர்)

உங்கள் ஊரில் 1867இல் தருமசாலை நிறுவிய வள்ளலார் போற்றிய தூதுவளை இருக்கிறதே! மழை முடிந்து கொழுந்து விடும் நேரம் அது. முள்ளைக் கிள்ளி எடுத்து, நெய்யில் வதக்கி, மிளகு, புளி, உப்புச் சேர்த்துத் துவையலாக அரையுங்கள். சூடான சோற்றில் பிசைந்து கொடுங்கள். மூச்சு இரைத்தாலோ காய்ச்சல் மூன்று நாள் நீடித்தாலோ துவையலை நம்பி இருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.