ப்ராஜெக்ட் மேனேஜரின் வேலை இனி யாருக்கு?

கேள்வி: நாங்கள் எட்டுப் பேர் கொண்ட மென்பொருள் டீம். ஆறு மாதம் முன்பு, வேலையைக் குறுகிய காலத் துண்டுகளாகப் பிரித்து முடிக்கும் ஸ்க்ரம் முறைக்கு மாறினோம். பழைய ப்ராஜெக்ட் மேனேஜர்தான் இப்போது ஸ்க்ரம் மாஸ்டர். தினமும் காலையில் அவரே வேலையைப் பிரித்துக் கொடுக்கிறார். தேதி தவறினால் டெவலப்பர்களைக் கேட்கிறார்கள். உண்மையில் யார் எதற்குப் பொறுப்பு?
– வாசகர், கோவை

பதில்: ஸ்க்ரம் கையேட்டின் 2020 பதிப்பில் மூன்றே பொறுப்புகள்தான்: ப்ராடக்ட் ஓனர், ஸ்க்ரம் மாஸ்டர், டெவலப்பர்கள். ப்ராஜெக்ட் மேனேஜர் செய்துவந்ததில் பெரும்பகுதி இவர்களுக்குள் பிரிந்துவிடுகிறது. எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்பது ப்ராடக்ட் ஓனர் கையில். ஸ்பிரின்ட்டை, அதாவது அப்படிப்பட்ட ஒரு காலத் துண்டை, நடுவில் ரத்து செய்யும் உரிமையும் அவருக்கு மட்டுமே. ஒரு ஸ்பிரின்ட்டுக்கு எவ்வளவு வேலை எடுப்பது, யார் எப்படிச் செய்வது என்பதை டெவலப்பர்கள் முடிவு செய்வார்கள். முட்டுக்கட்டைகள் அகல வழி செய்வது ஸ்க்ரம் மாஸ்டர் பொறுப்பு.

ஆகவே காலையில் அவர் வேலை பிரித்துக் கொடுப்பது தவறுதான். ஸ்க்ரமில் தினமும் நடக்கும் அந்த 15 நிமிடக் கூட்டம் டெவலப்பர்களுடையது. அது மேனேஜரிடம் ஒப்பிக்கும் கூட்டமானால், ஒருவர் சொல்வதை மற்றவர் காதில் வாங்க மாட்டார். கையிலிருப்பதை முடித்தவர் அடுத்ததைக் கொடுக்கும்வரை காத்திருப்பார். டெஸ்டிங் முழுக்கக் கடைசி இரண்டு நாளில் குவியும். வேலைகளைக் கார்டுகளாக வைத்திருக்கும் போர்டில், முடியும் தறுவாயில் இருக்கும் கார்டிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். ‘இதை இன்றே முடிக்க யார் கைகொடுக்கிறீர்கள்?’ என்று டெவலப்பர்களே கேட்டுக்கொள்ளட்டும்.

அடுத்து, தேதி. ஸ்பிரின்ட்டில் எடுக்கும் வேலைப் பட்டியல் வாக்குறுதி அல்ல, கணிப்பு என்று கையேடு 2011-லேயே திருத்திக்கொண்டது. டீம் உறுதி கொடுப்பது ஸ்பிரின்ட்டின் இலக்குக்குத்தான். வெளியீட்டுத் தேதியை ப்ராடக்ட் ஓனர் சொல்லட்டும், ஆனால் டீமின் கணக்கை வைத்துச் சொல்லட்டும். கடந்த ஐந்து ஸ்பிரின்ட்களில் குறைந்தது 18, அதிகம் 24 பாயின்ட் (வேலையின் அளவுக்கு டீம் போடும் மதிப்பு) முடிந்திருக்கிறது, மீதி 120 என்று வையுங்கள். ஐந்திலிருந்து ஏழு ஸ்பிரின்ட் ஆகும். இரண்டு வார ஸ்பிரின்ட் என்றால் 10 முதல் 14 வாரம். ஒற்றைத் தேதி சொல்லாமல் இந்த வரம்பைச் சொல்ல வேண்டும். பாதி முடிந்த வேலைக்குப் பாயின்ட் பூஜ்யம். இதில் தாட்சண்யம் பார்த்தால் கணக்கே கெட்டுவிடும்.

பட்ஜெட், வெண்டர் ஒப்பந்தம், ஆள் எடுப்பது, லீவு, மற்ற டீம்களிடம் காத்திருக்கும் வேலைகள் ஆகியவற்றை யார் பார்ப்பது என்று கையேடு ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்வதில்லை. முறை மாறும்போது பெரும்பாலும் அந்தரத்தில் விடப்படுபவை இவைதான். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பெயர் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் பார்க்க ஒட்டிவிடுங்கள். ‘டீம்’ என்று எழுதினால் யாரும் இல்லை என்று அர்த்தம்.

அப்ரைசல் போடுபவரே ஸ்க்ரம் மாஸ்டராக இருந்தால் ரெட்ரோவில், அதாவது ஸ்பிரின்ட் முடிவில் நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் கூட்டத்தில், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். உங்கள் மேனேஜர் அப்ரைசலையும் பட்ஜெட்டையும் வைத்துக்கொண்டு, ஸ்க்ரம் மாஸ்டர் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுப்பது நல்லது.